இருபது வருட சிங்கப்பூருக்குப் பிறகு இன்னொரு நாடு: எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள்

பள்ளத்தூர் வீட்டு முகப்பில் பெட்டிகள் கட்டி வைத்தாயிற்று. பொங்கல் முடிந்த கையோடு நான், மனைவி, பிள்ளைகள் இருவர் என நான்கு பேரும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் அடிலெய்டு கிளம்புகிறோம். எனக்கு வயது நாற்பத்தாறு. "இருபது வருசம் சிங்கப்பூர்ல இருந்துட்டு இந்த வயசுல எதுக்குத் தம்பி இன்னொரு நாடு?" என்று கேட்காத உறவுக்காரர்கள் இல்லை. பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வியா அது? சிரித்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் இந்த நாலரை வருடத்தில் நான் பட்ட பாட்டை, எனக்கு முன்னால் போன யாராவது ஒருவர் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் குறைந்தது ஒன்றரை வருடமும் சில லட்சங்களும் மிச்சமாகியிருக்கும். வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு, 'இனி என்ன' என்று ராத்திரியில் புரண்டு படுத்துக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2000இல் காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு 2005இல் சிங்கப்பூர் போனேன். ஜூரோங் பக்கம் ஒரு நிறுவனத்தில் பராமரிப்புப் பொறியாளர், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பாஸைப் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட், வருடத்துக்கு ஒரு தடவை திருச்சி விமானம். ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியாது. பிஆர் என்ற நிரந்தரவாசத் தகுதிக்கு 2009, 2013, 2018 என மூன்று தடவை விண்ணப்பித்தேன். மூன்று தடவையும் இல்லை என்றே பதில் வந்தது, காரணம் எதுவும் சொல்லவில்லை. 'பாஸ்தான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்' என்று அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அந்த முப்பத்தொன்பது எவ்வளவு முக்கியமான எண் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2021 ஏப்ரல் முதல் வாரத்தில் அப்பச்சிக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) மூச்சுத் திணறல் என்று போன் வந்தது. நிறுவனத்தில் சொல்லி, திரும்பி வருவதற்கான அனுமதிக்கும் மனுப்போட்டுவிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுத் தனியாகத் திருச்சி வந்து இறங்கினேன். சித்திரை பிறந்த நாலாம் நாள் அப்பச்சி போய்விட்டார். பதினாறு முடித்துவிட்டு மே 5ஆம் தேதி திரும்புவதாக டிக்கெட். அதற்குள் ஏப்ரல் 23 நள்ளிரவிலிருந்து, இந்தியாவில் இருந்துவிட்டு வரும் பாஸ்காரர்கள் யாரும் சிங்கப்பூருக்குள் வர முடியாது என்று தடை வந்தது. குடியுரிமை உள்ளவர்களும் பிஆர் உள்ளவர்களும் போகலாம். நான் போக முடியாது. இங்கே கொரோனா இரண்டாம் அலை அப்படி இருந்த நேரம், தடை போட்டதில் தப்பே சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பின்னால் பல வருடம் கழித்து வந்து பிஆர் வாங்கிய ஒரு தம்பி தடையே இல்லாமல் திரும்பினான். நான் அக்டோபர் கடைசியில் தடை நீங்கி, அனுமதி கிடைத்து, நவம்பர் 20ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தேன். ஏழு மாதம் பன்னிரண்டு நாள்.

அந்த ஏழு மாதமும் ஊர் வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு மேசையைப் போட்டு மடிக்கணினியில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு மாதம் முழுச் சம்பளம், அப்புறம் ஐந்து மாதம் பாதி. அதில் மட்டும் 18,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. அங்கே என் மனைவி ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்துவந்தாள். பாஸ்காரரின் குடும்பத்தாருக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை பார்ப்பதற்குத் தனி வேலை பாஸ் வேண்டும் என்று 2021 மே 1இலிருந்து விதி மாறியதில், அவளுடைய அனுமதி முடிந்ததும் வேலையும் முடிந்தது. மகனுக்கு எட்டு வயது. வீடியோவில் பேசும்போது "அப்பா, நீங்க எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். சொந்த ஊரில் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நிதியாண்டில் 182 நாள் ஆகிவிட்டால் வருமான வரிக் கணக்கில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். நான் 226 நாள் இருந்தேன். இங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு இங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும் என்று காரைக்குடி ஆடிட்டர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே கட்டிய வரியைக் கழித்தது போக, அவர் கட்டணமும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. ஐந்தாவது மாதமே ஆடிட்டரைப் பார்த்திருந்தால் தயாராகவாவது இருந்திருப்பேன்.

ஒரு நாள் மழைக்கு ஒழுகுகிறதா என்று பார்க்கப் பெட்டகத்தை நகர்த்தியபோது ஐயாவின் (தாத்தாவின்) பர்மாக் கணக்குப் பேரேடு ஒன்று கையில் கிடைத்தது. ஐயா அங்கே ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். பர்மாக்காரர்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில், பக்கத்தில் தொகை, பக்கத்தில் தவணை. கடைசி வரவு விசு வருசம் கார்த்திகை 28. அதாவது 1941 டிசம்பர். அதே மாதம் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அதற்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை, மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம்மவர்களான செட்டியார்கள் கையில் இருந்த காலம் அது. 1942இல் ஐயா நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார் என்பதைச் சின்ன வயதிலிருந்து கதையாகக் கேட்டிருக்கிறேன். அந்த வெள்ளைப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது கதை இல்லை என்று உறைத்தது. ஐயாவும் பிறகு ஊரோடு இருந்துவிடவில்லை. போர் முடிந்ததும் மலாயா போனார். போன நாடு கைவிட்டால் இன்னொரு நாடு என்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. எந்த நேரத்தில் கிளம்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிங்கப்பூர் திரும்பியதும், கிளம்பிப்போன நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். வெளியில் எல்லாரும் "பிள்ளைங்க படிப்பு" என்றுதான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பேசினால் வேறு வேறு கதை. ஒருவருக்கு பிஆர் இருந்தது. மகன் இரண்டு வருடம் கட்டாயத் தேசிய (ராணுவ) சேவை செய்யும் வயது நெருங்கியது, அதற்கு முன் முடிவெடுத்தார். ஒருவர் நாற்பது வயதில் வேலை போய், முப்பது நாளில் குடும்பத்தோடு வெளியேறும் நிலைக்கு வந்தவர். இன்னொருவர் துபாயில் பதினெட்டு வருடம் இருந்தவர். பிள்ளைகளுக்குக் கல்லூரி வயது வந்தபோது குடும்பம் மூன்று ஊராகப் பிரியப் போகிறது என்று தெரிந்து கனடா போனார். எனக்கு இருந்த காரணங்களில் பெரியது, வயதாக ஆக அந்த நாட்டில் என் இடம் குறுகிக்கொண்டே வந்ததுதான். 2022 செப்டம்பரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,000 வெள்ளி ஆனது. ஆனால் அது இளைஞர்களுக்கு. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு 10,500 வரை வேண்டியிருந்தது. என் சம்பளம் அதற்குக் கிட்டேயே இல்லை. பாஸில் இருப்பவர்களுக்கு சிபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது, ஆகவே ஓய்வுக்காலத்துக்கு என்று தானாகச் சேர்வது ஒன்றுமில்லை. அதே வருடம் வீட்டு வாடகை 2,100இலிருந்து 3,200 வெள்ளிக்குப் போனது. பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக் கட்டணம் மாதம் 2,400. மாதக் கடைசியில் மிஞ்சியதைப் பார்த்தால், காரைக்குடியில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் ஊருக்கே வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆறு மாதம் அதைத்தான் யோசித்தோம். இந்த வீடு பதினொரு பங்கு. என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள வேலை ஓசூரிலோ சென்னையிலோதான், அங்கேயும் நாற்பத்திரண்டு வயதில் புதிதாக எடுக்கத் தயங்குகிறார்கள். தவிர, எந்த நாட்டிலும் ஒரு இடத்தில் 'இது என் இடம்' என்று பிள்ளைகள் சொல்லும்படி செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது. என் மனைவிக்கும் அதே எண்ணம். சரி, ஆஸ்திரேலியா என்று முடிவு செய்தோம்.

இங்கேதான் வயதுக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் திறன் அடிப்படையிலான விசாவில் 33 முதல் 39 வயது வரை 25 புள்ளி. நாற்பது தொட்டதும் 15. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் அழைப்பே வராது. கனடாவில் இதைவிட மோசம்: துணையோடு விண்ணப்பிப்பவருக்கு முப்பது வயதில் 95 புள்ளி, நாற்பதில் 45, நாற்பத்திரண்டில் 25, நாற்பத்தைந்தில் பூஜ்யம். மூன்றாவது தடவை பிஆர் இல்லை என்று வந்த 2018இல் நான் இதைத் திறந்து பார்த்திருந்தால் பத்துப் புள்ளி அதிகமாக இருந்திருக்கும், வேறு நல்ல விசாவும் எட்டியிருக்கும். போகிறீர்களோ இல்லையோ, முப்பத்தைந்து வயதில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து உங்கள் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். அதற்குக் காசு எதுவும் ஆகாது.

நான் செய்த பெரிய தப்பு முகவர். 2022 ஜனவரியில், தெரிந்தவர் சொன்னார் என்று, சென்னையில் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று தவணையாக 3,800 வெள்ளி. பொறியாளர்கள் முதலில் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பிடம் தங்கள் தகுதியை மதிப்பிட வைக்க வேண்டும். என்னைப் போன்ற பழைய பட்டதாரிகள் அதற்கு சிடிஆர் என்று ஒரு அறிக்கை தர வேண்டும். நாம் செய்த மூன்று வேலைகளைப் பற்றி, ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வார்த்தையில், 'நான் இதைச் செய்தேன், இப்படிக் கணக்கிட்டேன்' என்று எழுதுவது. "நீங்க பிஸியா இருப்பீங்க சார், நாங்களே எழுதித் தர்றோம்" என்றார்கள். என் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு போய் எழுதினார்கள். நான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். செப்டம்பரில் பதில் வந்தது. வேறொருவர் அறிக்கையோடு ஒத்துப்போகிறது, நிராகரிக்கிறோம், பன்னிரண்டு மாதம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அன்றைக்கு ராத்திரிதான் அந்த அறிக்கையை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். இரண்டாவது பகுதியில் நான் ஒரு நாளும் கால் வைக்காத ஒரு சர்க்கரை ஆலையின் கொதிகலன் நீர்ப் பம்ப் அறையில் நான் அதிர்வை அளந்ததாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. இருபது வருடம் வேலை பார்த்த எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒரு பம்ப் கூடவா இல்லை? வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முகவருக்குப் போன் போட்டால் "மேல்முறையீடு பண்ணலாம், அதுக்குத் தனி பீஸ்" என்றார். விட்டுவிட்டேன். அவர் தந்த கட்டண விவரத்தைத் திரும்பப் பார்த்தால், அடுத்த கட்டத்தில் விருப்ப மனு பதிவுக்கு 600 வெள்ளி என்று ஒரு வரி. அந்தப் பதிவு இணையத்தில் நாமே செய்வது, அதற்குக் கட்டணமே கிடையாது.

ஆஸ்திரேலியாவில் குடியேற்ற முகவர்களுக்கு மாரா என்ற அமைப்பின் பதிவு எண் உண்டு, அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் அலுவலகம் வைத்திருப்பவருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாறாமல், உங்கள் கோப்பைக் கையில் வைத்திருக்கும் ஆளின் பெயரும் எண்ணும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் எழுதினாலும் உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போட்டது என் குற்றம், அதை முகவர் தலையில் மட்டும் போட மாட்டேன்.

அந்தப் பன்னிரண்டு மாதத் தடை முடியும்போது எனக்கு நாற்பத்துநாலு. நாற்பத்தைந்துக்குப் பதினோரு மாதம். அந்த ஒரு வருடத்தில் அறிக்கையை நானே எழுதினேன், பிள்ளைகள் தூங்கியபிறகு, ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு வரை. ஜூரோங்கில் ஒரு குளிர்விப்பானின் தண்டு திரும்பத் திரும்ப உடைந்ததைக் கண்டுபிடித்த கதையை எழுதியபோது, பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து என் கணக்கீடுகளே கிடைத்தன. அதை எழுதி முடித்த ராத்திரி, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். 2024 ஜனவரியில் தகுதி உறுதியானது. பிடிஇ ஆங்கிலத் தேர்வில் அப்போது ஒவ்வொரு பிரிவிலும் 79 எடுத்தால்தான் இருபது புள்ளி. மூன்றாவது தடவையில் கிடைத்தது. வயது 15, பட்டம் 15, அனுபவம் 15, ஆங்கிலம் 20, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, மாநிலப் பரிந்துரைக்கு 15. மொத்தம் 85. ஏப்ரலில் 491 விசாவுக்கு அழைப்பு வந்தது, நாற்பத்தைந்துக்கு நாலு மாதம் இருக்கும்போது. நான்கு பேருக்கும் விசாக் கட்டணம் அப்போது 9,280 ஆஸ்திரேலிய டாலர்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் போனது அதில்தான். வேலை அனுபவக் கடிதம் என்றால் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும் போதாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்பு என்று நிறுவனத்தின் தாளில் வேண்டும். என் சென்னை நிறுவனம் 2011இலேயே மூடிவிட்டது, பழைய மேலாளரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம். ஒரு வேலையை விடும் அன்றைக்கே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். சம்பளத்துக்கு மூன்றாம் ஆள் சான்று கேட்பார்கள். சிபிஎஃப் இல்லாத பாஸ்காரருக்கு வருமான வரி மதிப்பீட்டுத் தாள்தான் கைகொடுக்கும். எல்லா வருடத்துக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாஸ் ரத்தான பிறகு சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு திறக்காமல் போகலாம். பத்து வருடப் பயணத் தேதிகளும் குடியிருந்த முகவரிகளும் கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பச்சியின் முழுப் பெயர் குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றை அங்கே இருக்கும்போதே வாங்கிவிட்டேன், அது ஒன்றுதான் நான் சரியான நேரத்தில் செய்தது.

விசா வர நாளானது. இதற்கிடையில் 2025 மார்ச்சில் பாஸ் முடிந்தது. புதிய புள்ளி முறையும் என் வயதுக்கான சம்பள வரம்பும் சேர்ந்து, புதுப்பிக்க வழியில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் வெளிநாட்டு ஊழியர் கிளம்பும்போது வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. டிக்கெட், பெட்டிகள் அனுப்புவது, வீட்டு உரிமையாளருக்குக் கணக்கு என எல்லாம் அந்த மாதத்தில்தான். நண்பரிடம் 5,000 வெள்ளி கைமாற்று வாங்கினேன். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய நாலாம் நாள் ஊருக்கு வந்தோம். காரைக்குடியில் பதினொன்றில் சேர்த்தேன். முதல் மூன்று மாதம் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தோழிகளை எல்லாம் ஒரே நாளில் இழந்த பிள்ளையிடம் 'எல்லாம் உனக்காகத்தான்' என்று சொல்லிப் பார்த்தேன். அது அவளை இன்னும் காயப்படுத்தியது. பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டு, எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், என்ன நிச்சயம், என்ன நிச்சயமில்லை என்று எல்லாக் காகிதத்தையும் அவள் முன்னாலேயே வைத்துப் பேச ஆரம்பித்தேன். இதை மூன்று வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அக்டோபரில் விசா வந்த மின்னஞ்சலை அவள்தான் முதலில் திறந்து படித்தாள்.

இது நிரந்தர விசா இல்லை என்பதும் தெரியும். ஐந்து வருட விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் வாழ்ந்து வேலை பார்க்க வேண்டும், மூன்று வருடம் கழித்து நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அடிலெய்டு அந்தப் பகுதிக்குள் வருகிறது. அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை. பயம் இருக்கிறது. ஆனால் அடுத்த படி என்ன, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி இருக்கிறது. இருபது வருடம் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

ஆத்தாவை, என் அம்மாவை, விட்டுப் போவதுதான் தாங்கவில்லை. எழுபத்திரண்டு வயது. தேவகோட்டையில் தங்கை இருக்கிறாள், வாரம் இரண்டு தடவை வந்துபோவாள். போன வாரம் பிள்ளையார் நோன்பு. வளவில் எல்லாரும் உட்கார்ந்து, ஆத்தா ஒவ்வொருவருக்கும் மாவில் இழை என்ற நூல் திரியை வைத்து, எரியும் சுடரோடு கொடுத்தார். மகன் முதல் தடவையாகப் பயப்படாமல் வாயில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் பார்த்தால் ஆத்தா முகப்பில் உட்கார்ந்து ஒரு புது வேட்டியிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தார். இருபத்தோரு நூல் எண்ணி, திரித்து, மஞ்சள் பையில் போட்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னார். அடுத்த வருடத்துக்கு நாலு இழை. நான் எண்ணியபோது ஐந்து இருந்தது.

"ஒண்ணு கூட இருக்கே ஆத்தா?"

"நான் வந்தா வேணாமா?" என்றார்.

அவர் பாஸ்போர்ட் 2019இலேயே காலாவதியாகிவிட்டது. நேற்று விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.